சாதாரண விசைத்தறியை மேம்படுத்துவதா, நாடா இல்லாத் தறிக்கு மாறுவதா?

எட்டுச் சாதாரண விசைத்தறிகளை வைத்துக்கொண்டு கூலிக்குக் காடா துணி (வெளுக்காத, சாயமிடாத துணி) நெய்துகொடுக்கும் ஒருவருக்குக் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தாலோ, வங்கி கடன் தர முன்வந்தாலோ, நான்கு வழிகள் இருக்கின்றன. இருக்கும் தறிகளிலேயே ஊடை (குறுக்கு நூல்) அறுந்தால் தறியை நிறுத்தும் ஊடை நிறுத்தி, பாவு (நெடுக்கு நூல்) அறுந்தால் நிறுத்தும் பாவு நிறுத்தி, நல்ல பிரேக் முதலிய கருவிகளைப் பொருத்தலாம். அதே தறிச் சட்டத்தில் ரேப்பியர் (ஊடை நூலைப் பிடித்து இழுத்துச் செல்லும் கோல் அல்லது பட்டை) கிட் மாட்டி, ஊடையைச் சுமந்து இருபுறமும் ஓடும் நாடாவை எடுத்துவிடலாம். பழைய தறிகளை எடைக்குப் போட்டுவிட்டு, வெளிநாட்டு ஆலைகளில் ஓடிய ரேப்பியர் தறிகளை வாங்கி இறக்கலாம். துணிந்தவர்கள் காற்றுவீச்சால் ஊடையைச் செலுத்தும் ஏர்ஜெட்டுக்கே போகலாம். சோமனூர், பல்லடம் பகுதிகளில் இந்தக் கேள்வி எழாத தறிக்கூடம் அரிது. என் தந்தையார் தொடங்கிய எட்டுத் தறிகளை இன்று நடத்துபவன் என்ற முறையில் நானும் இதே கணக்கைப் பல இரவுகள் போட்டிருக்கிறேன். அதனால் விற்பனையாளர் சொல்லும் வேகத்தை விட்டுவிட்டு, தறிக்குள் நடப்பதிலிருந்து இந்த ஒப்பீட்டைத் தொடங்குகிறேன்.

சாதாரண விசைத்தறி நிமிடத்துக்கு 120 பிக் (ஒரு பிக் என்பது ஊடை ஒருமுறை குறுக்கே போவது) போடுகிறது என்றும், துணியில் அங்குலத்துக்கு 48 பிக் என்றும் வைத்துக்கொள்வோம். நிற்காமல் ஓடினால் மணிக்கு 150 அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.8 மீட்டர் துணி வரவேண்டும். நாளொன்றுக்கு 20 மணி நேரம் ஓட்டினால் 76 மீட்டர். ஆனால் துணி சுருளும் படைமரத்திலிருந்து கழற்றி அளந்து பார்க்கும்போது 45 அல்லது 46 மீட்டர்தான் தேறுகிறது என்றால், தறி நூற்றுக்கு அறுபது பங்கு நேரம்தான் வேலை செய்திருக்கிறது. இதையே எழுபத்தைந்து பங்காக உயர்த்த முடிந்தால், எட்டுத் தறிகளில் பத்துத் தறிகளின் துணி கிடைக்கும். வேகத்தைக் கூட்டாமல், இடத்தைக் கூட்டாமல், நின்ற நேரத்தை மட்டும் குறைத்தே இரண்டு தறிகளைச் சம்பாதிக்கலாம் என்பதுதான் இதன் பொருள். பிக்குக்கு இத்தனை பைசா என்று கூலி பேசும் தொழிலில் இந்தக் கணக்கு நேராக வருமானத்தில் தெரியும்.

தறி ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறது? முதல் காரணம் தார், அதாவது நாடாவுக்குள் வைக்கும், ஊடை நூல் சுற்றிய கட்டை. 20-ஆம் நம்பர் பருத்தி நூல் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 34 மீட்டர் நீளம் வரும். தாரில் 30 கிராம் நூல் கொள்ளும் என்றால் அது ஆயிரம் மீட்டரைச் சற்றே தாண்டும். ஐம்பது அங்குல அகலத் துணிக்கு ஒரு பிக்குக்கு 1.33 மீட்டர் நூல் போகிறது என்று கொண்டால், ஒரு தார் சுமார் 760 பிக் தாங்கும். நிமிடத்துக்கு 120 பிக் வீதம் அது ஆறரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். எட்டுத் தறிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு, ஒரு நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் ஏதோ ஒரு தறி தார் கேட்டு நிற்கும். இடையில் பாவு இழை அறுந்து அவர் ஒரு தறியில் குனிந்துவிட்டால், வேறு இரண்டு மூன்று தறிகள் அவருக்காகக் காத்து நிற்கும்.

தானியங்கித் தறியின் வரலாறே இந்த ஒரு நிறுத்தத்தை ஒழிக்க எழுந்த முயற்சிதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோப்டேல் என்னும் ஊரில், டிரேப்பர் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜேம்ஸ் நார்த்ரப், தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே நாடாவிலிருந்து காலித் தாரை வெளியே தள்ளிப் புதுத் தாரைப் புகுத்தும் பொறியை உருவாக்கினார். 1890-களின் நடுவில் அது விற்பனைக்கு வந்தது. ஜப்பானில் சாகிச்சி டொயோடா 1924-இல் நிறைவுசெய்த ஜி வகைத் தறி, தாருக்குப் பதிலாக நாடாவையே ஓட்டத்தில் மாற்றியது. அதன் உரிமையை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. டொயோடாவின் தறிகளில் என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. ஜி வகைக்கு நெடுநாள் முன்பே, 1896-இல் அவர் செய்த விசைத்தறியிலேயே, ஊடை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும் ஏற்பாடு இருந்தது. கெட்ட துணியை வேகமாக நெய்வதால் பயனில்லை, தவறு நேர்ந்த கணத்தில் தறிக்கு நிற்கத் தெரிய வேண்டும் என்பதை அவர் முதலிலேயே பிடித்துக்கொண்டார். நம் கூடங்களில் இன்றும் ஓடும் சாதாரணத் தறிகளில் இல்லாதது இந்தக் குணம்தான்.

நம் தறிகளில் ஊடை நிறுத்தி அறவே இல்லை என்று சொல்ல முடியாது. கைப்பிடிப் பக்கம், நாடாப் பெட்டிக்கும் துணியின் கரைக்கும் இடையில், முள்கரண்டி போன்ற சிறு கருவி ஒன்று பெரும்பாலான தறிகளில் இருக்கிறது. ஊடை நூல் குறுக்கே இருந்தால் அது முள்ளைப் பின்னுக்குத் தள்ளும்; நூல் இல்லையென்றால் முள்ளின் வால் கொக்கியில் மாட்டிக் கைப்பிடியைத் தட்டிவிடும். ஆனால் இது ஓரத்தில் இருப்பதால் இரண்டு பிக்குக்கு ஒருமுறைதான் பார்க்கிறது. நாடா அந்தப் பக்கம் நூலை வைத்துவிட்டுப் போன பிறகு நடுவில் அறுந்தால் கண்டுபிடிக்கவே ஒரு சுற்று தாமதம்; பழைய தோல் பிரேக் பிடித்துத் தறி நிற்பதற்குள் மேலும் ஒன்றிரண்டு சுற்றுகள். இதற்குள் துணி சுற்றும் பல்சக்கரம் தன் வேலையை நிறுத்துவதில்லை. அங்குலத்துக்கு 48 பிக் உள்ள துணியில் இரண்டு பிக்குக்கு இடைப்பட்ட தூரம் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். மூன்று பிக் விடுபட்டால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு வெறும் பாவு மட்டும் தெரியும். இதைத்தான் கிராக் என்கிறோம். தறி ஓட்டுபவர் பல்சக்கரத்தைச் சரியாக அத்தனை பல் பின்னுக்குத் திருப்பிவிட்டு ஓட்டினால் அது மறையும். ஒரு பல் குறைந்தால் கிராக் அப்படியே நிற்கும். ஒரு பல் கூடினால் அந்த இடத்தில் தடித்த பட்டை விழும். துணி சாயத்துக்குப் போய் வந்த பிறகு இரண்டுமே கோடாகத் தெரியும். பிடித்தம் நம் கூலியில் விழும்.

நடு ஊடை நிறுத்தி, அச்சைத் தாங்கி முன்னும் பின்னும் ஆடும் ஸ்லேயின் மத்தியில், நாடா ஓடும் பலகையில் சிறு பள்ளம் வெட்டிப் பொருத்தப்படுவது. நாடா கடக்கும்போது அதன் முட்கள் மேலே தூக்கப்பட்டு, பின் கீழே இறங்கும். நூல் இருந்தால் அது முட்களைத் தாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் முட்கள் பள்ளத்துக்குள் விழுந்து கைப்பிடியை விடுவிக்கும். ஒவ்வொரு பிக்கிலும் இந்தச் சோதனை நடப்பதாலும், சீப்பு போன்ற அச்சு வந்து ஊடையைத் துணியில் அடிப்பதற்கு முன்பே முடிவு தெரிந்துவிடுவதாலும், நல்ல பிரேக்கும் சேர்ந்தால் தறி அந்தச் சுற்றிலேயே நிற்கும். கிராக் விழ இடமே இல்லை. இங்கே பிரேக்கைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். நடு நிறுத்தியை மட்டும் வாங்கிப் பொருத்திவிட்டுப் பழைய பிரேக்கோடு ஓட்டுபவர்கள், தவறைச் சரியான நேரத்தில் கண்டுபிடித்துவிட்டுத் தாமதமாக நிற்கிறார்கள். இரண்டும் ஒரே கருவியின் இரு பாதிகள் என்று கொண்டு சேர்த்தே வாங்க வேண்டும்.

எங்கள் ஆறாம் தறியில் முதன்முதலில் இதைப் பொருத்தியபோது, கிராக் குறையும் என்று மட்டுமே எதிர்பார்த்தேன். ஒரு வாரம் கழித்துத் தார் சுற்றும் அம்மா, அந்தத் தறியிலிருந்து வரும் தார்க்கட்டைகளில் நூலே இல்லை என்றார்கள். காரணம் எளியது. கிராக்குக்கு அஞ்சும் தறி ஓட்டுபவர், தார் தீரும் முன்பே கண்ணால் பார்த்து நிறுத்தி மாற்றுவார். அவர் முன்கூட்டி மாற்றும் ஒவ்வொரு தாரிலும் இரண்டு கிராம் நூல் தங்கினால், முப்பது கிராமில் அது நூற்றுக்கு ஆறுக்கும் மேல். கொடுத்த நூலுக்கு எடைக்கணக்குக் கேட்கும் தொழிலில் அது சிறிய இழப்பன்று. தறி தானே சரியாக நிற்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகு, அவர் கடைசி இழை வரை ஓடவிட்டார். அவருடைய கண்கள் தாரிலிருந்து விடுபட்டுப் பாவின் மேல் போயின. அது இரண்டாவது ஆதாயம்.

அடுத்து நான் வைப்பது பாவு விடும் அமைப்பு. பாவு சுற்றிய உருளையான பீமின் கழுத்தில் கயிறோ சங்கிலியோ சுற்றி, எடைக்கல் தொங்கவிட்டு இழுவையைப் பிடித்துவைப்பது நம் பழைய முறை. எடை மாறாமல் இருக்கும்போது, பீமில் பாவு குறையக் குறைய விட்டம் சுருங்கி, இழையின் இழுவை ஏறிக்கொண்டே போகும். நிறைந்த பீம் 18 அங்குல விட்டமாக இருந்து, முடியும்போது 6 அங்குலமாகச் சுருங்கினால், எடையை நகர்த்தாதபோது இழுவை மும்மடங்காகிவிடும். பீம் பாதிக்கு மேல் தீர்ந்த பிறகு இழை அதிகமாக அறுகிறதே, சைசிங் (பாவுக்குக் கஞ்சி போடுவது) சரியில்லையோ என்று குறைபட்டுக்கொள்ளும் பலருக்கு, உண்மையான காரணம் நகர்த்தப்படாத அந்த எடைக்கல்லாக இருக்கலாம். பின்பக்க உருளை வழியே இழுவையை உணர்ந்து, புழுச்சக்கரத்தால் பாவை அளந்து விடும் பாதி நேரடி அமைப்பு இதைத் தீர்க்கிறது. அதை வாங்க வசதியில்லாதவர், எடைக்கல் தொங்கும் கோலில் மூன்று இடங்களில் வண்ணக் கோடு போட்டு, பீம் எந்த அளவுக்கு வந்தால் கல் எந்தக் கோட்டுக்கு நகர வேண்டும் என்று விதித்துவிட்டாலே பாதிப் பலன் கிடைக்கும். இதற்குச் செலவே இல்லை.

பாவு நிறுத்தியில் எனக்கு அத்தனை உற்சாகம் இல்லை; அதன் தேவையை மறுக்கவும் முடியாது. அங்குலத்துக்கு 52 இழை வீதம் ஐம்பது அங்குலத் துணிக்கு 2600 இழைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய இரும்புத் தகடு தொங்கும். இழை அறுந்தால் தகடு விழுந்து தறியை நிறுத்தும். அது இல்லாத தறியில், அறுந்த இழை பக்கத்து இழைகளோடு பின்னிக்கொண்டு நாடாவின் வழியை அடைத்தால், நாடா நடுவில் சிக்கி நூற்றுக்கணக்கான இழைகள் ஒரே அடியில் அறுந்துபோகும். அதை எடுத்துக் கட்டி முடிக்க அரைநாள் போய்விடும். ஆனால் இந்தக் கருவியில் இரண்டு வகை உண்டு. தகடு விழுந்ததும் பல்வரிசைச் சட்டத்தின் அசைவைத் தடுத்து நிறுத்துவது இயந்திர வகை. தகடு விழுந்ததும் மின்சுற்று இணைந்து நிறுத்துவது மின் வகை. விலை குறைவு என்பதற்காக நான் மின் வகையை வாங்கினேன். பஞ்சுத் தூசி மிதக்கும் கூடத்தில், தினமும் துடைக்காத மின்தொடர்புப் பட்டையில் தூசி படிந்து, அறுந்த இழைக்கு நிற்காமலும் அறாத இழைக்கு நின்றும் ஆட்களை அலைக்கழித்தது. விற்றவர் வந்து பார்ப்பதாகச் சொன்ன நாட்கள் கடந்துபோயின. கடைசியில் தறி ஓட்டுபவரே கம்பியைக் கழற்றிவிட்டார். தினமும் துடைக்க ஒரு ஆளும், அதற்கென ஒதுக்கிய கால்மணி நேரமும் இல்லாத கூடத்துக்கு இயந்திர வகையே பொருந்தும். பாவு பிணைக்கும்போது பழைய இழையோடு புதியதைக் கட்டி இழுப்பதால் தகடுகள் இடத்திலேயே இருக்கும். ஆகவே ஒவ்வொரு பீமுக்கும் கோர்க்க வேண்டியிருக்குமே என்ற அச்சம் தேவையில்லை.

நைலான் பல்சக்கரங்கள், எண்ணெய் கேட்காத புஷ்கள் ஆகியவற்றை, பழைய பாகம் தேய்ந்து மாற்ற வேண்டிய நாளில் மாற்றினால் போதும். எண்ணெய்க் கறை குறையும், இரைச்சலும் சற்றுக் குறையும்.

இனி ரேப்பியர் கிட். இருக்கும் சட்டத்திலேயே நாடாவுக்குப் பதிலாக, பெரிய நூற்சுருளான கோனிலிருந்து நூலைப் பிடித்து இழுத்துச் செல்லும் ரேப்பியரை மாட்டுவது இது. இதன் கவர்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. 20-ஆம் நம்பர் நூலில் ஒரு பிக்குக்குத் தேவைப்படுவது 0.04 கிராம் நூல்; அதைக் கொண்டுபோக 400 கிராம் நாடாவை ஒவ்வொரு முறையும் அடித்து ஓட்டி, மறுபக்கம் பிடித்து நிறுத்துகிறோம். சுமையைவிட வண்டி பதினாயிரம் மடங்கு கனம். சுல்சர் நிறுவனம் 1950-களில் சந்தைக்குக் கொண்டுவந்த தறியில் 40 கிராம் எடையுள்ள சிறு உலோக எறிபொருளே நூலை இழுத்துச் சென்றது என்பதை நினைத்தால், நாடாவை விட்டொழிக்க உலகம் ஏன் அவ்வளவு முயன்றது என்பது புரியும். கிட் மாட்டினால் தார் சுற்றும் வேலையும் ஆறரை நிமிடத்துக்கு ஒருமுறை தார் மாற்றுவதும் போய்விடும். ஆனால் ஸ்லேயும் கிராங்கும் சட்டமும் அந்த 120 பிக்குக்கு வார்க்கப்பட்டவை. பெரிய ரேப்பியர் தறிகளில், நூல் குறுக்கே போகும்வரை ஸ்லேயைப் பின்னால் நிறுத்திவைக்க கேம் அமைப்பு இருக்கிறது. கிராங்கால் ஓடும் ஸ்லேக்கு அந்த ஓய்வு இல்லை. ஆகவே வேகம் பெரிதாக ஏறாது, ஏற்றினால் தேய்மானம்தான் ஏறும். தார் சுற்ற ஆளே கிடைக்காத கூடத்துக்குக் கிட் ஒரு விடை. மற்றவர்கள், முப்பது ஆண்டு ஓடித் தளர்ந்த சட்டத்தின் மேல் இந்தச் செலவை ஏற்றுவதை நான் ஏற்கமாட்டேன்.

பழைய இறக்குமதி ரேப்பியர் தறியின் கணக்கு இதைவிட நேரானது. நிமிடத்துக்கு 300 பிக், நூற்றுக்கு எண்பது பங்கு ஓட்டம் என்றால் 240 பிக் தேறும். மேம்படுத்திய சாதாரணத் தறி எழுபத்தைந்து பங்கில் 90 பிக் தரும். ஆக, மூன்று ரேப்பியர்கள் எட்டுச் சாதாரணத் தறிகளின் வேலையைச் செய்யும். இரண்டு கிலோ கோன் ஒன்று இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும். அதன் வால்நுனியை அடுத்த கோனின் தலைநுனியோடு கட்டிவைத்தால் அப்போதும் தறி நிற்க வேண்டியதில்லை. ஒருவர் மூன்று தறிகளை ஆறஅமரப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் எழுபத்தைந்து பங்கு, எண்பது பங்கு என்று நான் எழுதிய இரண்டு எண்களும் ஒரே பாவுக்குச் செல்லுபடியாகாது. நிமிடத்துக்கு 300 முறை பாவு இழைகளைத் தூக்கும் விழுது ஏறி இறங்கி, அச்சு அடிக்கும்போது, 120 பிக்கில் தாக்குப்பிடித்த இழை தாக்குப்பிடிக்காது. கட்டு முடிச்சு அச்சில் மாட்டி அறும். முடிச்சில்லாமல் இணைத்த நூலும், நல்ல சைசிங்கும், அந்தத் தறியின் அளவுக்கு ஏற்ற தட்டுள்ள பீமும் வேண்டும். நாம் கூலித்தறிக்காரர்கள், நூலும் பீமும் உற்பத்தியாளர் கொடுப்பவை. சாதாரணத் தறிக்குப் பீம் கொடுத்தவரே ரேப்பியர் பீமும் கொடுப்பார் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ரேப்பியர் வாங்குவது என்பது பெரும்பாலும் வேலை கொடுப்பவரையே மாற்றுவது. இதை முதலில் முடிவுசெய்யாமல் தறியை இறக்கியவர்கள், வட்டி ஓட, தறி நிற்கத் தவித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

கரையும் மாறுகிறது. நாடாத் தறியில் ஊடை திரும்பித் திரும்பி வருவதால் கரை தானாகவே உறுதியாக முடிகிறது. ரேப்பியரில் ஒவ்வொரு பிக்கும் அறுக்கப்படுவதால், ஒன்றையொன்று சுற்றிப் பிணையும் லீனோ இழைகளால் ஓரத்தைப் பிடித்துக்கட்ட வேண்டும். ஓரத்தில் ஒரு கீற்றுக் கழிவும் போகும். சாயத்துக்கும் தையலுக்கும் போகும் காடா துணிக்கு இது பொருட்டில்லை. வேட்டி, துண்டு நெய்பவருக்கு இது பெரிய பொருட்டு; கரையே அங்கே துணியின் முகம். ஈரோடு, சேலம் பக்கம் அவற்றை நெய்யும் ஒருவர் இந்தக் கட்டுரையைப் படித்தால், அவருக்கு நாடாத் தறியை மேம்படுத்துவதே வழி என்று தயங்காமல் சொல்வேன்.

இறக்குமதித் தறியில் மின்னணு அட்டைகளும் உண்டு. அட்டை பழுதானால் நம் ஊர்ப் பிட்டரின் ஸ்பேனர் உதவாது. வாங்கும்போதே ஒரே மாதிரி, ஒரே ஆண்டுத் தறிகளாக வாங்குவதும், பாகத்துக்காக ஒன்றைக் கூடுதலாக எடுத்துப் பிரித்து வைப்பதும் அனுபவசாலிகள் செய்வது.

ஏர்ஜெட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதன் வேகம் ரேப்பியரின் இரு மடங்கைத் தாண்டும். ஆனால் அழுத்தக் காற்றுக்கான கம்ப்ரசர் மின்சாரத்தைக் குடிக்கும், கூடத்தின் ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், ஒரே கம்ப்ரசர் நின்றால் எல்லாத் தறிகளும் நிற்கும். எட்டுத் தறிக் கூடத்தின் அளவுக்கு அது பொருந்தாது. நீர் பீய்ச்சி ஊடையைச் செலுத்தும் வாட்டர்ஜெட், நீரை உறிஞ்சாத செயற்கை இழைக்கானது. பருத்தி நெய்யும் நமக்கு அது தெரிவே அன்று.

மின்சாரக் கணக்கை மறந்துவிட்டு எந்த ஒப்பீடும் முழுமையாகாது. தமிழ்நாட்டில் விசைத்தறிகளுக்கு இரு மாதங்களுக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 1000 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. மேம்படுத்திய சாதாரணத் தறிக்கு இந்தச் சலுகை மாறாமல் தொடரும் என்பது அதன் பக்கம் நிற்கும் பெரிய பலம். தறியின் வகையும் இணைப்பின் சுமையும் மாறும்போது எந்தக் கட்டணப் பிரிவில் வருவோம் என்பதை, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம். மானியமும் அப்படித்தான். மத்திய அரசு 2017 ஏப்ரலில் தொடங்கிய பவர்டெக்ஸ் இந்தியா திட்டத்தில் சாதாரணத் தறிகளை இருந்த இடத்திலேயே மேம்படுத்த உதவி தரப்பட்டது. அப்போது மானியம் கிடைக்கிறதே என்று எல்லாக் கருவிகளையும் ஒரே நாளில் பொருத்தி, பழக்கப்படாத ஆட்களிடம் விட்டு, சில மாதங்களில் தகடுகளைக் கழற்றி மூட்டை கட்டி வைத்த கூடங்களும் உண்டு. கருவி வந்த வேகத்தில் கை பழகுவதில்லை. கோவையில் 1956-இல் தொடங்கப்பட்ட சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்) நிறுவனத்தின் கீழ் இயங்கும் விசைத்தறி சேவை மையங்களில் தறி ஓட்டுபவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். கருவி வாங்குவதற்கு முன்பே ஆளை அங்கே அனுப்புவது நல்லது.

என் முடிவு இதுதான். நாடாத் தறிகளை வைத்திருப்பவர், எதையும் வாங்குவதற்கு முன் ஏழு நாட்கள் ஒவ்வொரு தறியிலும் ஒரு சிலேட்டுத் தொங்கவிட்டு, தறி நிற்கும் ஒவ்வொரு முறையும் தாரா, ஊடையா, பாவா, பழுதா என்று ஒரு கோடு போடச் சொல்ல வேண்டும். ஊடைக் கோடுகளும் கிராக் பிடித்தமும் அதிகமென்றால் நடு ஊடை நிறுத்தியும் பிரேக்கும். பாவுக் கோடுகள் பீம் குறையும்போது கூடினால் பாவு விடும் அமைப்பு. பீம் முழுவதும் சீராகப் பரவியிருந்தால் குறை நூலிலோ சைசிங்கிலோ இருக்கிறது, அதைத் தறியில் தேட வேண்டாம். முதலில் இரண்டு தறிகளில் மட்டும் பொருத்தி, மூன்று பீம் முடியும்வரை மற்ற ஆறோடு ஒப்பிட வேண்டும். தார்க் கோடுகளே சிலேட்டை நிரப்புகின்றன, தார் சுற்றவும் ஆளில்லை, மூன்றாண்டுக்குப் பீம் தருவதாக ஒரு உற்பத்தியாளர் எழுதித் தருகிறார் என்ற மூன்றும் ஒருசேர அமைந்தால் மட்டும், கிட்டைத் தாண்டி நேராக மூன்று ரேப்பியருக்குப் போகலாம். அப்போதும் எட்டில் இரண்டு நாடாத் தறிகளை விற்காமல் வைத்திருக்கச் சொல்வேன். ரேப்பியர் பீம் வராத வாரங்களில் கூடத்துக்குச் சோறு போடுபவை அவைதாம்.